மகளிரும் உதைபந்தும்

சிலப்பதிகாரம் பயின்ற மாணவர் வாழ்த்துக் காதையிலுள்ள கந்துகவரியை அறிவர். பெருங்கதையிலோ மகளிர் பந்தடிக்கும் போட்டிக்கென்றே ஒரு பகுதி உண்டு. வகுப்பில் இவற்றை வியந்து பாராட்டும் நம்மவர், மாலையில் ஒரு பெண் பந்துடன் திடலில் இறங்கின், "இஃது ஆடவர்க்குரிய ஆட்டமன்றோ?" என வினவுகின்றனர். அன்று கையால் அடித்தனர். இன்று காலால் உதைக்கின்றனர். வேற்றுமை அவ்வளவே.

இவ்வினாவிற்கு விடை நம் கடலூரிலேயே உளது. இவ்வூரினரான இந்துமதி கதிரேசன் என்னும் நங்கை இந்திய அணியின் நடுக்கள ஆட்டக்காரராய் விளங்கியவர். 2018இல் கட்டாக்கில் நிகழ்ந்த தேசியப் போட்டியின் இறுதியாட்டத்தில், பன்முறை பட்டம் பெற்ற மணிப்பூரை 2-1 என வென்று தமிழகம் முதன்முறையாக வாகை சூடியபோது அவரும் அவ்வணியில் ஆடினார். 2019இல் விராட்நகரில் தெற்காசியக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளராகி, 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் சென்னை வீதிகளில் காவற்பணியும் புரிந்தார். இப்பணியைச் சிறிதென எண்ணற்க. மகளை ஆட விடத் தயங்கும் தாய் முதலிற் கேட்பது, "இதனாற் சோறு கிடைக்குமா?" என்பதே. அவ்வினா நியாயமானது, பதக்கம் மட்டும் அதற்கு விடையாகாது.

ஏறத்தாழ இரண்டு கோடி மக்களே வாழும் சாம்பியா நாட்டு மகளிர் 2023ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் ஆடினர். தென்னாப்பிரிக்க மகளிரோ அதே கோப்பையில் இத்தாலியை 3-2 என வென்று அடுத்த சுற்றினை எய்தினர். 1991 முதல் அதுவரை நடந்த ஒன்பது கோப்பைகளுள் ஒன்றிலேனும் இந்திய மகளிர் அணி ஆடியதில்லை. மக்கட்டொகை நமக்குக் குறைவோ? பெண்பிள்ளைகள் நாள்தோறும் ஆடுதற்குரிய திடல்தான் குறைவு என்பது என் துணிபு.

நமது கல்லூரித் திடலையே நோக்குமின். மாலை முழுதும் ஆடவர் வசம். வாரத்தில் இரு மாலை மாணவியர்க்கு ஒதுக்கவேண்டும் என்று கேட்கின்றேன். அவ்விரு மாலையும் இழப்பவருள் யானும் ஒருவன். பயிற்சி குறையுமே என்று முணுமுணுக்கும் தோழரையும் அறிவேன். வெளியூர் மாணவியர் இருட்டுமுன் பேருந்து ஏறவேண்டும் என்னும் தடையே மெய்யான தடை. ஆதலின் ஆட்டம் நான்கு மணிக்கே தொடங்கி ஐந்தேகாலுக்கு முடிதல் நலம். உடை மாற்ற ஓர் அறையும், மாணவியர்க்கெனத் தனியே நான்கு பந்துகளும் வேண்டும். வரும் ஆண்டுச் செலவுத் திட்டம் வகுக்குமுன் விளையாட்டுக் குழுவினர் இதனை ஆராய்வாராக.