ஆடும் படத்துக்குக் கூலியைப் பிடிக்கலாமா?

நெல்லைச் சீமையில் அம்மன் கோவில் கொடை வந்தால், மும்பையில் தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் செம்பூரிலும் பிழைக்கும் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் லீவு கிடைத்துவிடுவதில்லை. லீவு கிடைத்தாலும் ரெயிலில் இடம் கிடைப்பதில்லை. அப்படித் தங்கிவிடுகிறவர்களுக்கு இந்த நாளில் ஓர் ஆறுதல், 'டிரோன்' எனப்படும் பறக்கும் காமிரா. ஊர்க் கமிட்டியார் டிரோனை வாடகைக்கு அமர்த்தி, சப்பரம் புறப்படுவதை வானத்திலிருந்து படம் பிடித்து, வரி அனுப்பிய மும்பைக்காரர்களின் செல்போனுக்கு அனுப்பி வைக்கிறார்கள். கல்யாண வீடுகளிலும் இந்த வழக்கம் வந்துவிட்டது.

ஆனால் வந்து சேரும் படம் சில சமயம் பார்க்கச் சகிப்பதில்லை. கோவில் கோபுரம் நுங்கு போலக் குலுங்குகிறது. தென்னை மரம் பாம்பு போல நெளிகிறது. பந்தல் கால்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. பணம் கொடுத்தவர்கள் ஸ்டுடியோ முதலாளியிடம் சண்டைக்குப் போகிறார்கள். முதலாளி, டிரோனை ஓட்டிய பையனின் கூலியில் கை வைக்கிறார். "உனக்குக் கை நடுங்குகிறது" என்பதுதான் அவனுக்குக் கிடைக்கும் தீர்ப்பு.

இது நியாயமா? பறக்கும் காமிராவை எந்தக் கையும் பிடித்திருக்கவில்லை. கை நடுங்கினால் படம் இந்த விதமாக நெளியாது. நடுங்குவது இயந்திரம். இயந்திரத்தின் நோய்க்கு மனிதனின் சம்பளத்தில் மருந்து தேடுவது எந்த ஊர் வைத்தியம்?

ஆட்டம் எப்படி வருகிறது?

இந்தக் காலத்துச் சிறிய வீடியோ காமிராக்களில் பெரும்பாலானவை ஒரு படத்தை ஒரே அடியில் பிடிப்பதில்லை. பேரேட்டைப் பார்த்து நகல் எடுக்கும் குமாஸ்தா மாதிரி, மேல் வரியில் தொடங்கிக் கீழ் வரி வரை ஒவ்வொரு வரியாகப் பதிவு செய்கின்றன. குமாஸ்தா எழுதிக் கொண்டிருக்கும்போது யாராவது மேஜையை ஆட்டினால் எழுத்து எப்படிக் கோணலாகுமோ, அப்படியே படமும் கோணலாகிறது. மேல் வரி எழுதும்போது மேஜை வலப்பக்கம் இருந்தது. நடு வரி எழுதும்போது இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். தொழிலில் உள்ளவர்கள் இதை 'ஜெல்லோ' என்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிரோனின் இறக்கை நிமிடத்துக்கு 6 ஆயிரம் முறை சுற்றுகிறது என்று வைத்துக் கொள்வோம். அப்படியானால் விநாடிக்கு 100 சுற்று. இறக்கையின் ஒரு பக்கம் சற்று கனத்து, மறுபக்கம் இலேசாக இருந்தால், விநாடிக்கு 100 முறை காமிரா உதறும். ஒரு படத்தை மேலிருந்து கீழ்வரை எழுதி முடிக்கக் காமிராவுக்கு ஒரு விநாடியில் 50ல் ஒரு பங்கு நேரம் ஆகிறது என்றால், அதற்குள் இரண்டு உதறல்கள். ஒவ்வொரு படத்திலும் இரண்டு அலைகள் தெரியும். கோபுரம் குலுங்குவதன் ரகசியம் இதுதான்.

இதை அறிய டிரோன் வேண்டும் என்பதுகூட இல்லை. விரைந்து ஓடும் லோக்கல் ரெயிலின் ஜன்னல் வழியாகச் செல்போனில் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்டவாளத்தை ஒட்டி நேராக நிற்கும் மின்சாரக் கம்பம், படத்தில் சாய்ந்து நிற்கும். கம்பம் சாயவில்லை. மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் இடையில் ரெயில் நகர்ந்துவிட்டது.

இந்தக் குறை புதிதும் அல்ல. பிரான்ஸ் நாட்டில் ஜாக் ஹென்றி லார்ட்டீக் என்ற வாலிபர் 1913ஆம் ஆண்டு மோட்டார் பந்தயத்தில் எடுத்த படம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. அதில் காரின் சக்கரம் முட்டை வடிவில் முன்னால் சாய்ந்திருக்கும். வேடிக்கை பார்ப்பவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். அந்தக் காமிராவில் ஒரு திரை இடுக்கு செங்குத்தாக நகர்ந்து படத்தைப் பகுதி பகுதியாகப் பதிவு செய்ததே காரணம். 100 ஆண்டு கடந்தும், கருவி சிறுத்திருக்கிறதே தவிர, சங்கதி அதேதான்.

எங்கே கை வைக்க வேண்டும்?

நோய் தெரிந்தால் மருந்து கடினமல்ல. முதலில் பார்க்க வேண்டியது இறக்கைகளை. நுனி சிதைந்தது, வளைந்தது, கீறல் விழுந்தது எதுவானாலும் தயங்காமல் மாற்ற வேண்டும். மடக்கு இறக்கையானால் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றக் கூடாது. ஜோடியாக மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் சேர்ந்தால் எடை ஒத்துப் போகாது. தராசு போல எடை பார்க்கும் சின்னக் கருவி உண்டு. அதில் இறக்கையை வைத்து, இலேசான பக்கத்தில் மெல்லிய டேப் துண்டு ஒட்டிச் சமன் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, மோட்டார். இறக்கையைக் கழற்றிவிட்டு மோட்டாரைக் கையால் சுற்றினால் வழவழவென்று சுற்ற வேண்டும். மணல் அரைபடுவது போல் நெருடினால் பேரிங் போய்விட்டது என்று பொருள். தலைமயிர், பட்டம் விடும் நூல் ஆகியவை சுற்றிக் கொண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இறக்கை இல்லாமல் தரையில் வைத்துச் சில விநாடிகள் மோட்டாரை ஓட்டிப் படம் எடுத்துப் பார்த்தால், கோளாறு இறக்கையிலா, மோட்டாரிலா என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

மூன்றாவது, ரப்பர். காமிராவைத் தாங்கும் தட்டுக்கும் டிரோனின் உடலுக்கும் நடுவில் சிறு ரப்பர் குமிழ்கள் இருக்கும். அதிர்வைக் குடிப்பவை அவைதான். கிழிந்திருந்தாலும், இறுகியிருந்தாலும், ஒன்று விழுந்து போயிருந்தாலும் அதிர்வு நேராகக் காமிராவுக்குப் போகும். 'கிம்பல்' இருக்கும்போது ஆட்டம் எப்படி வரும் என்று சிலர் கேட்கிறார்கள். காமிராவை நிமிர்த்திப் பிடிக்கும் கிம்பல், டிரோன் சாய்வதையும் திரும்புவதையும் ஈடு செய்யும். விநாடிக்கு 100 தடவை வரும் உதறலை அதனால் விரட்டிப் பிடிக்க முடியாது. அது ரப்பரின் வேலை.

நான்காவது, வெயில். உச்சி வெயிலில் காமிராவின் ஷட்டர் ஆயிரத்தில் ஒரு விநாடி என்ற வேகத்துக்குப் போய்விடும். அப்போது ஒவ்வொரு வரியும் வெட்டி வைத்தது போலத் தெளிவாக விழுவதால், அலையும் தெளிவாகத் தெரியும். காமிராவின் கண்ணில் கறுப்பு ஃபில்டர் போட்டு வெளிச்சத்தைக் குறைத்தால் ஷட்டரை மெதுவாக்கலாம். விநாடிக்கு 25 படம் என்றால் 50ல் ஒரு விநாடி என்பது பொதுவான கணக்கு. ஆனால் இது நோயை மறைக்குமே தவிர, தீர்க்காது.

கம்ப்யூட்டர் காப்பாற்றுமா?

"எப்படியாவது எடுத்துக் கொண்டு வா, மற்றதைக் கம்ப்யூட்டரில் பார்த்துக் கொள்ளலாம்" என்று சொல்லும் முதலாளிகள் பெருகிவிட்டார்கள். இது பாதி உண்மை. காற்றில் டிரோன் மெதுவாக அசைந்தால், கம்ப்யூட்டர் புரோகிராம் ஒவ்வொரு படத்தையும் நகர்த்தி நகர்த்தி நேர் செய்துவிடும். அதற்கு விலையும் உண்டு. நாலு ஓரங்களையும் வெட்டி எறிய வேண்டியிருக்கும். ஓரத்தில் நின்ற மாமனாரும் மச்சானும் படத்தில் இருக்க மாட்டார்கள்.

காமிரா எந்தக் கணத்தில் எப்படித் திரும்பியது என்பதைக் குறித்து வைக்கும் 'கைரோ' கணக்கு இருந்தால், வரிக்கு வரி திருத்தும் வழியும் இருக்கிறது. 'கைரோஃப்ளோ' என்ற இலவசப் புரோகிராமே கிடைக்கிறது. ஆயினும் உதறல் மிக வேகமாக இருந்தால் அந்தக் கணக்கில் அது சரியாகப் பதிவாகாது. படமே மங்கிப் போயிருந்தால் எந்தப் புரோகிராமும் அதை மீட்டுக் கொடுக்க முடியாது. தாலி கட்டும் நேரம் ஒரு முறைதான் வரும். அதை மறுபடி எடுக்க முடியாது என்பதை முதலாளிமார் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எச்சரிக்கை மணி

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஆடும் படம் வெறும் அழகுக் குறை அல்ல, அது எச்சரிக்கை. ரெயில்வேயில் ஒரு வண்டியின் அடியிலிருந்து புதிதாகத் தட்டும் சத்தம் வந்தால், கார்டு காதில் பஞ்சு வைத்துக் கொள்வதில்லை. நிறுத்திப் பார்க்கச் சொல்கிறார். டிரோனின் இறக்கையில் கீறல் இருந்தால் முதலில் படம் ஆடும். பிறகு ஒரு நாள் இறக்கை முறியும். கீழே நிற்பது முளைப்பாரி சுமந்து வரும் பெண்களும் குழந்தைகளும். ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டு, அதே இறக்கையோடு அடுத்த கல்யாணத்துக்கு அனுப்புவது, சத்தம் கேட்ட வண்டிக்குப் பச்சைக்கொடி காட்டுவதற்குச் சமம்.

2021ஆம் ஆண்டு வந்த டிரோன் விதிகள், 250 கிராமுக்கு மேல் எடையுள்ள டிரோனைத் தொழிலுக்கு ஓட்டுபவரிடம் அதற்கான தகுதிச் சான்று இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. பறக்கக் கூடாத பகுதிகளையும் வகுத்திருக்கின்றன. ஓட்டுபவனுக்குச் சான்று கேட்பது நியாயமே. அவன் கையில் கொடுக்கப்படும் இயந்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்று முதலாளியைக் கேட்பதும் அதே அளவுக்கு நியாயம்.

வீட்டுச் சுவரும் ஒரு சாணும்

படம் ஆடினால் கல்யாண வீட்டில் மனவருத்தத்தோடு போய்விடும். ஆனால் டிரோன் இப்போது நிலத்தையும் அளக்கிறது. 2020 ஏப்ரலில் மத்திய அரசு தொடங்கிய 'ஸ்வாமித்வா' திட்டத்தில், கிராமங்களின் குடியிருப்பு மனைகள் டிரோன் படத்தைக் கொண்டு அளக்கப்பட்டு, உரிமை அட்டை கொடுக்கப்படுகிறது. தாராவி சீரமைப்புக்காக 2024ல் தொடங்கிய கணக்கெடுப்பில், வீடு வீடாக விவரம் எடுத்ததோடு, டிரோன்களும் லேசர் அளவுக் கருவிகளும் பயன்படுத்தப்பட்டன.

இங்கேயும் அதே கணக்குதான். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் டிரோன் பறந்து, ஒரு படத்தை வரி வரியாக எழுத 50ல் ஒரு விநாடி ஆனால், மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் இடையில் டிரோன் 20 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். ஏறக்குறைய ஒரு சாண். வயற்காட்டில் ஒரு சாண் பெரிதல்ல. இரண்டு பேர் எதிரெதிரே நடக்க முடியாத தாராவிச் சந்தில் ஒரு சாண் என்பது ஒருவருடைய சுவர்.

இதனால் டிரோன் அளவையே தவறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அளக்கும் வேலைக்கென்றே, முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்கும் ஷட்டர் கொண்ட காமிராக்கள் இருக்கின்றன. வரி வரியாகப் பிடித்த படத்திலும் இந்தப் பிசகைக் கணக்கிட்டுக் கழிக்கும் முறை இருக்கிறது. தரையில் முன்னதாக அளந்து வைத்த குறிகளோடு ஒத்துப் பார்க்கும் வழியும் இருக்கிறது. எனவே மக்கள் கேட்க வேண்டிய கேள்வி எளிது: எந்த விதக் காமிரா? தரையில் ஒத்துப் பார்த்தாயிற்றா? வானத்திலிருந்து எடுத்தது என்பதற்காக ஒரு படம் வேதவாக்கு ஆகிவிடாது.

செய்ய வேண்டியது என்ன?

படம் பிடிக்கும் தொழிலில் ஒரு ஒழுங்கு வர வேண்டும். நிகழ்ச்சிக்கு முன்பு, அதே இடத்தில், அதே டிரோனில் இரண்டு நிமிடம் சோதனைப் படம் எடுக்க வேண்டும். அதைச் செல்போனில் பார்த்தால் போதாது. சின்னத் திரையில் ஆட்டம் ஒளிந்து கொள்ளும். பெரிய திரையில் முதலாளியும் ஓட்டுபவனும் சேர்ந்து பார்க்க வேண்டும். சோதனைப் படமே ஆடினால் பொறுப்பு இயந்திரத்தின் சொந்தக்காரருடையது. அவர் இறக்கையை மாற்றிக் கொடுக்க வேண்டும், அல்லது டிரோன் படம் கிடையாது என்று கல்யாண வீட்டாரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். சோதனையில் நன்றாக இருந்து, பிறகு பலத்த காற்றில் ஏற்றியதாலோ, சடசடவென்று திருப்பியதாலோ படம் கெட்டால், அது ஓட்டியவனின் பொறுப்பு. அதை அவனும் மறுக்கக் கூடாது.

டிரோன் ஓட்டும் இளைஞர்களும் சோதனைப் படத்தை அழித்துவிடாமல் வைத்திருப்பது நல்லது. தேதியோடு கூடிய அந்த இரண்டு நிமிடம், நாளைக்குக் கூலி தகராறு வந்தால் அவர்கள் பக்கம் பேசும் சாட்சி. படம் எடுக்கச் சொல்லும் வீட்டாரும், மினுமினுக்கும் மாதிரிப் படத்தைப் பார்த்து மயங்காமல், அன்றைக்கு வரும் டிரோனின் சோதனைப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

ஒரு ஜோடி இறக்கையின் விலை ஒரு நாள் டிரோன் வாடகையில் சிறு பகுதிதான். அதை மிச்சம் பிடிக்கப் போய், ஊர்க் கொடையைக் காண ஏங்கிக் காத்திருப்பவர்களின் ஆசையையும், வெயிலில் அண்ணாந்து நின்று கழுத்து நோக வேலை பார்த்த பையனின் கூலியையும் கெடுப்பது தர்மம் அல்ல. கோபுரம் ஆடாமல் நிற்கிறது. ஆடும் இறக்கையை மாற்ற வேண்டியவர்கள் மாற்றட்டும்.