கடலடிக் காளான்

எம் பதுளை வீட்டு அலமாரியில், திருகோணமலை யாத்திரையின்போது விலைக்கு வாங்கிய வெண்தட்டு ஒன்றுண்டு. மழை விட்ட மறுநாள் தேயிலைச் செடிகளினிடையே முளைக்கும் காளானைக் கவிழ்த்தாற்போன்று அதில் மெல்லிய மடல்கள். கல்லோ, கிளிஞ்சலோ என்றிருந்தோம். காளான் பவளம் என்னும் உயிரின் எலும்புக்கூடாம் அது!

பவளங்கள் பெரும்பாலும் கூட்டமாய்ப் பாறையில் ஒட்டிக் கிடப்பவை. காளான் பவளமோ பெரும்பாலும் தனியன். இளமையிற் காம்பால் பாறையைப் பற்றி நிற்கும். வளர்ந்தபின் காம்பறுத்துக்கொண்டு மணலில் இறங்கிவிடும். அலை கவிழ்த்துப் போட்டால், உடலை நீரால் உப்பச்செய்து மெல்ல நிமிர்ந்துகொள்ளவும் வல்லது!

அதன் தசையில் வாழும் நுண்பாசியே உணவூட்டுகிறது. நிறமும் பெரிதும் அதனாலேயே. 1998-இல் கடல் சூடேறியபோது, பாசியை இழந்த இலங்கைப் பவளங்கள் பெருமளவில் வெளுத்து மடிந்தன. அலமாரித் தட்டின் வெண்மையை விருந்தினர் வியக்கும்போதெல்லாம், நேயர்களே, இப்போது எமக்குக் கூச்சமாயிருக்கிறது.