மாருத்: குறை இறக்கையிலா, எஞ்சினிலா?

ஆசிரியருக்கு,

இந்தியப் போர் விமான வரலாற்றில் ஆர்வமுடையோர் பெங்களூரில் உருவான எச்.எஃப்.-24 மாருத்தைத் தோல்வி என்ற ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது, விமானச் சட்டகத்தையும் அதை உந்தும் எஞ்சினையும் பிரித்தறியாததன் விளைவாகும். ஃபோக்க-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்த ஜெர்மானியர் குர்ட் டாங்கின் தலைமையில் வரையப்பட்டு, முழு அளவு மரக் கிளைடராக, அதாவது எஞ்சினின்றி மிதந்திறங்கும் விமானமாக, முதலில் சோதிக்கப்பட்டு, 1961 ஜூன் 17 அன்று முதன்முறை பறந்த மாருத், ஒலியைப் போல் இருமடங்கு வேகத்தை இலக்காகக் கொண்டிருந்தது. ஆனால் அதற்கென எண்ணப்பட்ட ஆற்றல்மிக்க ஆர்ஃபியஸ் எஞ்சினின் மேம்பாட்டுச் செலவை ஏற்க இந்திய அரசு முன்வராததால், ஆஃப்டர்பர்னர், அதாவது வெளியேறும் வாயுவில் மீண்டும் எரிபொருளைத் தெளித்து எரித்து உந்துவிசையைக் கூட்டும் அமைப்பு, இல்லாத ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்கள் இரண்டே அதில் பொருத்தப்பட்டன. அந்த இலக்கை விமானம் நெருங்கவே இல்லை. எகிப்தில் உருவான ஓர் எஞ்சினைப் பொருத்தும் முயற்சியும் கைகூடவில்லை.

இத்தனைக்கும் 1971 போரில் ராஜஸ்தான் முனையில் தரைத்தாக்குதலுக்கு அனுப்பப்பட்ட மாருத்துகளுள் ஒன்றுகூட வான்சண்டையில் வீழவில்லை. தரையிலிருந்து சுடப்பட்டு ஒரு எஞ்சினை இழந்தும் திரும்பிவந்தவை உண்டு. விமானிகளும் தாழ்வான உயரத்தில் அதன் நிலைத்தன்மையைப் புகழ்ந்துள்ளனர். எனவே குறை டாங்கின் வரைபலகையில் இருந்ததாகச் சொல்வது பொருந்தாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்