கச்சேரி வாசலும் கோயில் வாசலும்

எங்கட வளாகத்தில அரசியல் கதை தொடங்கினால் ஒரு வசனம் கட்டாயம் வரும்: "அகிம்சையாக் கேட்டுப் பாத்தம், ஒண்டும் நடக்கேல்ல." பிறகு கதை நேரே எழுபதுகளுக்கும் ஆயுதத்துக்கும் போய்விடும். மேடைப் பேச்சிலும் இதுதான், தேத்தண்ணிக்கடைக் கதையிலும் இதுதான். பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்த வசனத்தைச் சொல்லும்போது நாங்கள் ஒரு வாசலை மட்டும்தான் நினைக்கிறோம்: 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசல். எங்கட சனம் பேசாமல் போய்க் குந்தியிருந்த இன்னொரு வாசலும் இருக்கு. அதைச் சேர்த்துப் பார்த்தால் இந்த வசனத்தை இவ்வளவு சுகமாகச் சொல்ல முடியாது.

முதலில் கச்சேரி. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அந்த ஜூன் 5ஆம் திகதி காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களுக்கு அடி விழுந்தது. பண்டா–செல்வா ஒப்பந்தம் எழுதிக் கிழிக்கப்பட்டது. 1961 தொடக்கத்தில் சட்டம் முழுதாக நடைமுறைக்கு வர, பெப்ரவரி 20ஆம் திகதி தமிழரசுக் கட்சி கச்சேரி வாசல்களை மறித்து இருந்தது. முதல் நாளே பொலிஸ் இழுத்து எறிந்து அடித்தது. அடுத்தடுத்த நாட்களில் சனம் குறையவில்லை, கூடியது. பெண்கள் வந்தார்கள், முஸ்லிம்கள் வந்தார்கள். மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், வவுனியா என்று பரவியது. எங்கட புளியங்கூடல் அடங்கின ஊர்காவற்றுறைத் தொகுதியும் அந்த நேரம் தமிழரசுக் கட்சியின் கையில்தான் இருந்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த கட்டம் ஏப்ரல் 14. அன்று செல்வநாயகம் "தமிழரசு தபால் சேவை"யைத் தொடக்கி வைத்தார். சொந்த முத்திரை, சொந்தத் தபாலட்டை. தபால் என்பது அரசாங்கத்தின் தனியுரிமை, ஆகவே அந்த முத்திரையை விற்பதே சட்டமீறல். அதுவரை நடந்தது வழிமறிப்பு, இது வேறு. ஒருவரையும் தொடாமல், வெளிப்படையாக, பேரைச் சொல்லிக்கொண்டு ஒரு சட்டத்தை உடைப்பது. அரசாங்கம் கண்டும் காணாமல் விட்டால் அதன் அதிகாரம் சிரிப்புக்கிடமாகும். விடாவிட்டால் ஒரு துண்டுக் கடதாசிக்காக ஆமியை அனுப்ப வேண்டும். அரசாங்கம் ஆமியை அனுப்பியது. ஏப்ரல் 17 இரவு அவசரகாலச் சட்டம், ஊரடங்கு. தலைவர்களைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பனாகொடை முகாமில் அடைத்தார்கள். தனிச் சிங்களச் சட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது.

இதுதான் "தோற்ற" கதை. இப்ப மற்ற வாசலுக்கு வருவம்.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு பகுதிச் சனம் கோயிலுக்குள் போக ஏலாது. தேத்தண்ணிக்கடையில் மற்றவர்களோடு வாங்கில் இருக்க ஏலாது, அவர்களுக்குத் தகரப்பேணி தனி. எங்கட தீவுப் பக்கத்தில் நல்ல தண்ணிக் கிணறு என்றால் என்ன பெறுமதி என்று ஆருக்கும் விளக்கத் தேவையில்லை. கிணத்துக்கட்டில் கால் வைக்கக்கூடாது, ஆராவது அள்ளி ஊத்துமட்டும் வெயிலில் குடத்தோடு நிற்க வேணும் என்றால் அது எவ்வளவு பெரிய சிறை என்று யோசித்துப் பாருங்கள். அம்மம்மா இதை ஏதோ மழை வெயில் மாதிரி இயல்பாகச் சொல்லுவா. அமெரிக்காவில் நிறப்பாகுபாடு என்று பாடத்தில் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் குடம்தான்.

1957இலேயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. சாதி சொல்லிக் கடையிலோ கோயிலிலோ ஒருவரை மறித்தால் குற்றம். கடதாசியில்தான். 1960 பெப்ரவரியில் அமெரிக்காவின் கிறீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பினப் பெடியள், எங்கட வயசு மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டுமான சாப்பாட்டு மேசையில் போய் இருந்ததை உலகமே அறியும். சிறுபான்மைத் தமிழர் மகாசபை யாழ்ப்பாணத்தில் தேநீர்க்கடைப் பிரவேசத்தை அதற்கு முன்னமே, ஐம்பதுகளிலேயே தொடங்கிவிட்டது. எத்தனை பேருக்குத் தெரியும்?

1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம். அடுத்த வருடம் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் திருவிழா. உள்ளே போக வந்தவர்களை வாசலில் மறித்தார்கள், வந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். மறித்தவர்களுக்கு முன்னுக்கு நின்றவர் சி. சுந்தரலிங்கம், முன்னாள் கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர், தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்று முதலில் கேட்டவர்களில் ஒருவர். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவர் மேல் வழக்குப் போட்டார்கள், அது லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது.

இங்கேதான் எனக்குத் தலை சுற்றுகிறது. சுந்தரலிங்கமும் ஒரு சட்டத்தை வெளிப்படையாக மீறினார். ஒளிக்கவில்லை, கோட்டுக்கும் போனார். அப்ப அவரும் சத்தியாக்கிரகியா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். மாட்டின் லூதர் கிங் 1963இல் பேர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் ஒரு அளவுகோல் வைக்கிறார்: பலமுள்ள கூட்டம் தன்னைக் கட்டுப்படுத்தாத ஒரு விதியை மற்றவன் மேல் சுமத்தினால் அது அநீதியான விதி. தனிச் சிங்களச் சட்டம் இந்த அளவுகோலில் விழுந்துபோகும். மாவிட்டபுர வழக்கமும் அதே அளவுகோலில் விழுந்துபோகும். முதலாவதை அளந்து பார்த்த நாங்கள், இரண்டாவதற்கு முன்னால் தடியைக் கீழே வைத்துவிட்டோம். மாவிட்டபுரம் செல்வநாயகத்தின் சொந்தத் தொகுதியான காங்கேசன்துறைக்குள்தான் இருக்கு. கச்சேரிக்குச் சனத்தைத் திரட்டின கட்சி அந்த வாசலுக்கு அப்படித் திரட்டவில்லை.

ஆனால் அந்த வாசல் திறந்தது. மாவிட்டபுரம் மட்டுமில்லை, தேத்தண்ணிக்கடைகளும் வேறு கோயில்களும் ஒவ்வொன்றாகத் திறந்தன. இதை வைத்து "பாருங்கோ, அகிம்சை வென்றது" என்று நான் சொல்லப் போவதில்லை. அந்த இயக்கத்தை நடத்தியவர்கள் சீனச் சார்புக் கம்யூனிஸ்டுகள், காந்தியைக் கும்பிட்டவர்கள் இல்லை. சங்கானை நிச்சாமத்தில் சனம் திருப்பி அடித்தது, உயிர்களும் போயின. இருந்தும் கோயில் வாசலில் அவர்கள் தெரிந்தெடுத்தது குந்தியிருப்பதை. ஏனென்றால் அங்கே அது வேலை செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும். எழுதின சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது, மறித்தவன் பக்கத்து ஊர்க்காரன், அவனுக்கு வெட்கம் வர இடமிருந்தது. கச்சேரியில் சட்டமும் எதிரி, ஆமியும் எதிரி. வெட்கப்பட வேண்டிய தென்னிலங்கைச் சனத்துக்கு நடந்தது என்ன என்று அதன் மொழியில் சொல்ல ஆளும் போதவில்லை. தோற்றது முறையா, பார்த்துக்கொண்டிருந்தவர்களா என்று கேட்காமல் "அகிம்சையால ஒண்டும் நடக்கேல்ல" என்பது அரைக்கணக்கு.

இது பழைய கதை இல்லை. 2017 பெப்ரவரி 20இல் (1961இன் அதே திகதி, தற்செயல்தான்) காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கிளிநொச்சியில் கொட்டில் போட்டு இருக்கத் தொடங்கினார்கள். அதே வருடம் புத்தூர் கலைமதி கிராமத்து மக்கள், குடியிருப்புக்கு நடுவே இருக்கும் மயானத்தை அகற்றச் சொல்லி மாதக்கணக்கில் இருந்தார்கள். முதலாவது கொட்டிலுக்கு மாணவர் ஒன்றியங்கள் பதாகையோடு போகும், போகவும் வேணும். இரண்டாவதை "அது அந்தச் சனத்தின்ர பிரச்சினை" என்று சொன்ன படித்த ஆட்களை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். 2018இல் தென்மராட்சியில் ஒரு கோயில் தேரை ஜேசிபி இயந்திரம் இழுத்த படம் வந்தபோது, வடம் பிடிக்க ஆள் இல்லை என்று ஒரு விளக்கமும் சொன்னார்கள். திருவிழாவுக்கு ஆள் இல்லையாம், யாழ்ப்பாணத்தில!

ஒவ்வொரு ஏப்ரலிலும் தமிழரசு முத்திரையின் படத்தை முகநூலில் போடும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த ஆடி அமாவாசைக்கு மாவிட்டபுரத்தையும் போடுங்கோ. கீழே வரும் பின்னூட்டங்களை வாசியுங்கோ. ஆர் ஆர் "இப்ப இதெல்லாம் ஏன் கிளறுறியள்" எண்டு எழுதினம் எண்டு பாருங்கோ.