தேங்காய் உடைப்பது வன்முறையா?

தைப்பூசத்தையொட்டி கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி இரதம் பத்துமலைக்குப் புறப்படும்போது வழிநெடுகத் தேங்காய்கள் உடைபடுகின்றன. நாமெல்லாம் அறிந்த இக்காட்சியைக் கணினியில் ஊடாடும் கதையாக எழுத முனைந்தால் என்ன ஆகும்?

ஊடாடும் கதையில் வாசகர் கட்டளையைத் தட்டச்சிடுவார். கதை அதற்கேற்ப நகரும். 1970களில் அமெரிக்காவில் தோன்றிய வடிவம் இது. இதனை எழுதுவதற்காகவே கிரகாம் நெல்சன் 1993இல் 'இன்ஃபார்ம்' என்னும் நிரல்மொழியை உருவாக்கினார். 2006இல் வெளிவந்த இன்ஃபார்ம் 7இல் எடுத்தல், திறத்தல், கொடுத்தல், முத்தமிடுதல் எனப் பல செயல்கள் தயாராகவே உள்ளன. உடைத்தலுக்கான ஆங்கிலச் சொல்லும் உண்டு. ஆனால், அது 'தாக்குதல்' என்ற செயலில் அடங்கிவிடுகிறது. தேங்காயை உடைக்கச் சொன்னால், 'வன்முறை இதற்குத் தீர்வன்று' என்னும் பொருளில் அறிவுரை வருகிறது! நம் நேர்த்திக்கடன் கணினிக்கு அடிதடியாகத் தெரிகிறது.

குற்றம் மென்பொருளுடையதன்று. எழுதியவர் தம் உலகின் செயல்களைப் பட்டியலிட்டார். நம் செயல்களைச் சேர்க்க வழியும் வைத்தார். முதலில், அச்சொல்லைப் பழைய பொருளிலிருந்து விடுவிக்க வேண்டும். அடுத்து, புதிய செயலுக்குப் பெயரிட்டு, அது எத்தனை பொருள்கள்மீது நிகழும் என்று கூற வேண்டும். பிறகு மூன்று விதிகள். சரிபார்க்கும் விதி, தேங்காய் கையில் இருக்கிறதா என்று பார்க்கும். நிறைவேற்றும் விதி, முழுத் தேங்காயை நீக்கிச் சில்லுகளைச் சாலையில் வைக்கும். அறிவிக்கும் விதி, நடந்ததை வாசகருக்குச் சொல்லும். எல்லாம் சில வரிகள்தாம்.

தமிழிலேயே கட்டளையிட வேண்டுமானால் உழைப்பு கூடும். ஆங்கிலக் கட்டளையில் வினை முன்னே நிற்கும். 'தேங்காயை உடை' என்பதில் அது இறுதியில் நிற்கிறது. 'ஐ' உருபைப் பிரித்தால்தான் கணினி தேங்காயை அடையாளம் காணும். தமிழ்ப்பள்ளியில் மனனம் செய்த வேற்றுமை உருபுகளுக்கு இங்கே வேலை இருக்கிறது. தமிழ் பயிலும் மாணவரும் கணினி பயிலும் மாணவரும் ஒரே மேசையில் அமர இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

தெரிவுகளைச் சொடுக்கிப் படிக்கும் கதைகள் போதாவா எனச் சிலர் கேட்கலாம். அங்கே என்ன செய்யலாம் என்பதைத் திரையே சொல்லிவிடும். தட்டச்சிடும் கதையிலோ வாசகர் தம் வாழ்விலிருந்து ஒரு வினையைக் கொண்டு வருகிறார். அதைக் கணினி புரிந்துகொள்ளும் நொடியில் கதை அவருடையதாகிறது. புரியாவிட்டால், இக்கதையில் தமக்கு இடமில்லை என்றே அவர் எண்ணுவார்.

நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1980களிலேயே 'முரசு' வழித் தமிழ் எழுத்தைக் கணினியில் ஏற்றப் பாடுபட்டார். எழுத்து ஏறிவிட்டது, இனி நம் வினைகளும் ஏற வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் பூத்தொடுப்பதும், கிள்ளான் கடைத்தெருவில் சேலைக்குப் பேரம் பேசுவதும், உண்டு முடித்து வாழையிலையை மடிப்பதும் எந்த ஆயத்தப் பட்டியலிலும் வாரா. அவற்றை வரையறுக்க வேண்டியவர்கள் நாம்தாம். இவ்விடுமுறையில் ஆளுக்கொரு வினையிலிருந்து தொடங்குவோமே!