கையாற் செய்த பட்டம்

ஆடித் திங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து வரும் காற்று, இராசபாளையத்திற்கு அருகிலுள்ள ஆலங்குளத்துக் கரிசல் வெளியெங்கும் வீசும். அக்காற்றில் ஏற்றும் பட்டத்தை விலைகொடுத்து வாங்குவதினும் தம் கையாற் செய்வதே சிறுவர்க்கு நன்று. தென்னை ஈர்க்கு இரண்டு, பழைய செய்தித்தாள், சோற்றுப் பசை, வாலுக்குக் கந்தல் துணி, பருத்தி நூல் ஆகியவை போதும். வளைத்த ஈர்க்கு ஒருபுறம் கனத்தால் பட்டம் சாயும். வால் குறைந்தால் சுழலும். பிழையைத் தானே கண்டு திருத்தும் அறிவை விலைக்குப் பெறல் இயலுமோ?

நூலிலும் கருத்து வேண்டும். நைலான் மாஞ்சா நூல் மனிதர் கழுத்தையும் பறவையின் சிறகையும் அறுக்கும். ஆதலின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-ஆம் ஆண்டில் அதனைத் தடைசெய்தது. பிறவுயிர்க்குத் தீங்கின்றி உயர்வதே உயர்வு.