இறகைப் படம் எடுத்தால் ஸ்கேலையும் சேர்த்து எடுங்கள்

மொட்டை மாடியில் கிடக்கும் இறகு எந்தப் பறவையுடையது என்று அறிய இப்போது யாரும் புத்தகத்தைப் புரட்டுவதில்லை. செல்போனில் ஒரு கிளிக். ஆப் ஒரு பெயரைச் சொல்கிறது. சாஃப்ட்வேர் எழுதும் எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. ஆப் மீது அல்ல, நாம் அதற்குத் தரும் இன்புட் மீது.

காகத்தின் இறகும் கரிச்சானின் இறகும் கறுப்புதான். ஸ்கிரீனை நிறைக்கும்படி படம் எடுத்தால் இரண்டும் ஒரே அளவில் தெரியும். காகம் 40 செ.மீ. பறவை, கரிச்சான் 30 செ.மீ. அந்த வித்தியாசத்தை நாமே அழித்துவிட்டு ஆப்பிடம் பதில் கேட்கிறோம். பெண் குயில் விஷயம் இன்னும் மோசம். வரிவரியான வால் இறகைப் பார்த்ததும் வல்லூறு என்று பலர் குதிக்கிறார்கள். பழுப்பில் வெள்ளை வரி என்றால் குயில். சாம்பலில் கருமையான பட்டை என்றால் வல்லூறு. மைனாவில் சிக்கல் குறைவு, இறக்கை இறகின் அடியில் வெள்ளை இருக்கும்.

இறகுதானே, பெயர் மாறினால் என்ன என்று கேட்கலாம். 1960 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு விமானம் கிளம்பிய சில விநாடிகளில் விழுந்து 62 பேர் இறந்தனர். இன்ஜினில் சிக்கிய இறகுத் துணுக்குகளை ஸ்மித்சோனியன் மியூசியத்தில் ராக்ஸி லேபோர்ன் என்ற பெண்மணி ஆராய்ந்து, அவை ஸ்டார்லிங் என்றார். நம் மைனாவுக்கு உறவான, அங்கே நகரமெங்கும் திரியும் சிறு பறவை. பெயர் தெரிந்தால்தான் எடை தெரியும். எடை தெரிந்தால்தான் இன்ஜின் எதைத் தாங்க வேண்டும் என்று சோதிக்க முடியும்.

நம் மாடி இறகு விமானத்தை வீழ்த்தாதுதான். ஆனால் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் நீங்கள் ஏற்றும் படம் அங்கேயே நிற்பதில்லை. பார்ப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துக்கொண்டால் ஆராய்ச்சிக்கான டேட்டாவாகிறது. நாளைய ஆப்பும் அதில்தான் பாடம் படிக்கிறது. குயிலை வல்லூறு என்று பத்துப் பேர் ஏற்றினால் பதினோராவது ஆளுக்கு ஆப்பே அப்படித்தான் சொல்லும்.

வீட்டில் ஸ்கேனர் தூசி படிந்து கிடந்தால் அதைத் தட்டி எடுங்கள். செல்போன் கேமராவைவிட இதற்கு அதுதான் சரி என்பேன். சாய்வு கிடையாது, அளவு மாறாது. 300 டிபிஐ வைத்தால் 1,800 பிக்சல் நீளம் என்பது 6 அங்குலம், அதாவது 15.2 செ.மீ. கண்ணாடி மேல் பிளாஸ்டிக் ஷீட் விரித்து இறகை வையுங்கள், பிறகு கையைக் கழுவுங்கள். வெளிறிய இறகுக்குப் பின்னால் கறுப்புத் தாள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் தேவை.

ஸ்கேனர் இருந்தாலும் பிளாஸ்டிக் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கி டிபிஐ கணக்கு போய்விடும். ஸ்கேல் கோடுகள் படத்தோடு சேர்ந்தே சுருங்கும். ஒரிஜினலையே அனுப்ப வேண்டுமானால் 'டாக்குமென்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.